என் அண்ணனுக்குக் கர்ப்பப்பை நார்மலாம்

என் அண்ணனுக்கு 54 வயது. வில்லாபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். போன மாதம் நான் மதுரை போயிருந்தபோது அவருக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தோம். பளபளவென்று வழுவழுப்பான கவரில் வந்த ரிப்போர்ட்டில், சுத்தமான இங்கிலீஷில், கர்ப்பப்பை இயல்பான அளவில் இருக்கிறது, கட்டி எதுவும் இல்லை என்று போட்டிருந்தார்கள்.

இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கதையை ஸ்கேன் சென்டரிலிருந்து தொடங்கக் கூடாது. நான் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறேன். ஏர்போர்ட் வாசலில் அண்ணனைப் பார்த்ததுமே ஏதோ மாதிரி இருந்தது. தொப்பை கூடியிருக்கிறது, ஆனால் புஜம் வற்றிப்போய் சட்டைக் கை தொளதொள என்று ஆடுகிறது. வீட்டில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்குகிறாரா? வயசு. ராத்திரி தூக்கம் இல்லையா? மத்தியானம் தூங்கினால் எப்படி வரும். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறாரா? பித்தம். பல் விளக்கும்போது ரத்தமா? பிரஷ் புதுசு. உடம்பெல்லாம் அரிப்பா? சூடு. கணுக்காலில் சாக்ஸ் பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையவில்லையா? சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அப்படித்தான். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, எல்லாப் பழியையும் அது தாங்கிக்கொள்கிறது.

மதினி மட்டும் ஈரலைச் சந்தேகப்பட்டார். அதுவும் கண் மஞ்சளாகத் தெரிகிறது என்று. உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று நாள் காலையில் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதையும் குடித்துவிட்டு, “நான் ஒரு சொட்டு தொட்டதில்ல, எனக்கு எதுக்கு ஈரல் கெடுது” என்று கோபப்பட்டிருக்கிறார். நம்மூரில் ஈரல் என்றால் ஒன்று குடி, இல்லையென்றால் மஞ்சக்காமாலை. மூன்றாவதாக ஒரு வழி இருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது.

ரத்தப் பரிசோதனையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஃபோன் பண்ணினோம், மறுநாள் காலை ஆறரைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு தம்பி ஐஸ் பெட்டியோடு வந்து ரத்தம் எடுத்துப் போனார், மத்தியானம் இரண்டு மணிக்கு ரிசல்ட் வாட்ஸ்அப்பில் இருந்தது. லீட்ஸில் என்றால் காலை எட்டு மணிக்கு ஜிபிக்கு (குடும்ப டாக்டருக்கு) ஃபோன் போட்டு, ‘நீங்கள் வரிசையில் 19-வது ஆள்’ என்ற குரலைக் கேட்டுக்கொண்டே ஆபீஸ் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஆனால் ரிசல்ட்டைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரை டாக்டர் ஒன்றரை நிமிடம் பார்த்தார், ஈரல் கெட்டால் ரத்தத்தில் கூடும் இரண்டு நொதிகளை மட்டும் படித்தார். “எஸ்ஜிஓடி 61, எஸ்ஜிபிடி 49. லைட்டாத்தான் கூடியிருக்கு. ஒரு ஸ்கேன் பாத்துருங்க.” முடிந்தது.

சரி, ஸ்கேன். ஃபோனில் கேட்டதற்கு, “தண்ணி நிறையக் குடிச்சிட்டு வாங்க சார்” என்றார்கள். அண்ணன் நாலு இட்லியும் ஒரு சொம்புத் தண்ணியுமாக வந்தார். டோக்கன் 27. இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டு, “சாப்பிட்டீங்களா? அப்ப பித்தப்பை சுருங்கிருக்கும், தெரியாது. நாளைக்கு வெறும் வயித்துல வாங்க.” ஃபோனில் அதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். “எல்லாருக்கும் தெரியும் சார்” என்றது கவுன்ட்டர் பெண்.

மறுநாள் வெறும் வயிறு. காலை மாத்திரையை என்ன செய்வது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அண்ணன் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். டோக்கன் 14, ஆனால் டோக்கன் இல்லாமல் “டாக்டர் சொன்னாங்க” என்று உள்ளே போனவர்களை நான் எண்ணினேன், ஒன்பது பேர். பதினோரு மணிக்கு அண்ணனுக்குக் கை நடுங்கியது, நெற்றியில் வியர்வை. என் பேன்ட் பையில் விமானத்தில் கொடுத்த மிட்டாய் ஒன்று இருந்தது. அதை வாயில் போடச் சொல்லிவிட்டு, இதனால் மூன்றாம் நாளும் வரச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் பிறந்து வளர்ந்தவன் அந்த ஸ்டீல் நாற்காலியில் எப்படி ஆகிவிட்டேன் பாருங்கள்.

கடைசியில் உள்ளே நாலே நிமிடம். ஒரு மணி நேரத்தில் கவர். அதற்குள்தான் கர்ப்பப்பை.

கவுன்ட்டரில் நீட்டினேன். அந்தப் பெண் படித்துவிட்டு, “நார்மல்னுதானே சார் போட்டிருக்கு” என்றாள். இவருக்குக் கர்ப்பப்பையே கிடையாதும்மா என்றேன். பின்னால் இருந்த நாலு பேர் எழுந்து பார்த்தார்கள். அண்ணன் கூச்சத்தில், “விடுறா தம்பி, நல்லாத்தானே இருக்குன்னு போட்டிருக்கான்” என்றார். நான் விடவில்லை. பழைய ரிப்போர்ட்டின் மேல் புதுப் பெயரை அடித்திருக்கிறார்கள் என்றால், ஈரல் யாருடைய ஈரல்? டைப் பண்ணுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். டாக்டர் வேறொரு சென்டருக்குக் கிளம்பியிருந்தார். படத்தை மறுபடி பார்த்து, ரிப்போர்ட்டைத் திருத்தி, கையெழுத்து வாங்கி, அண்ணனின் கர்ப்பப்பையை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. லீட்ஸில் இந்த ஸ்கேனுக்கு ஆறு வாரம் காத்திருந்திருப்பேன் என்பதும் உண்மைதான். ஆனால் வரும்போது ஆணாகவே வந்திருப்பேன்.

அந்தக் கோபத்தில் புது ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை போய்விட்டதா என்று மட்டும் பார்த்தேன்.

தெருமுனையில் ஒரு வயதான டாக்டர் இருக்கிறார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஃபீஸ் 150 ரூபாய். சண்டைக் கதையைச் சொல்லி ஆறுதல் வாங்கத்தான் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கர்ப்பப்பை கெடக்கட்டும். மண்ணீரலைப் பாத்தீங்களா?” என்றார். 13.4 சென்டிமீட்டர், லேசான வீக்கம். திருத்துவதற்கு முந்தைய தாளிலும் அதே வரி இருந்திருக்கிறது. ரத்த ரிசல்ட்டைக் கேட்டார். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1,25,000, குறைவு. அதையும் யாரும் பார்க்கவில்லை.

பிறகு அண்ணனை டியூப்லைட் வெளிச்சத்திலிருந்து எழுப்பி வாசல் திண்ணைக்குக் கூட்டிப்போனார். வெயிலில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்து, “மேல பாருய்யா” என்றார். மஞ்சள் இல்லை. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 1.4 (இங்கிலாந்து அலகில் 24). அது இரண்டரை, மூன்றைத் தாண்டினால்தான் கண்ணில் தெரியும் என்றார். மதினி பார்த்தது எல்இடி பல்பின் மஞ்சள். உள்ளங்கையைத் திருப்பிச் சுண்டுவிரல் பக்க மேட்டை அழுத்தினார். ஓரம் சிவந்திருந்தது. சிறுநீர் என்ன நிறம், மலம் வெளுத்துப் போகிறதா, அரிப்பு ராத்திரியில் கூடுகிறதா, பகல் தூக்கம் எத்தனை நாளாக, இடுப்பு பெல்ட் எத்தனை ஓட்டை தள்ளியிருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். வீட்டில் ஆளுக்கொரு பேர் வைத்திருந்த சங்கதிகளை அவர் ஒரே சீட்டில் எழுதினார்.

அந்த வழுவழு கவரின் பின்பக்கத்திலேயே கணக்கும் போட்டார். வயதையும் எஸ்ஜிஓடியையும் பெருக்கி, பிளேட்லெட்டாலும் (ஆயிரக் கணக்கில், அதாவது 125) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் 3.76. 1.3-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 2.67-க்கு மேலே போனால் ஈரலில் தழும்பு விழுந்திருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதற்கு எந்தப் புது டெஸ்ட்டும் வேண்டாம். சர்க்கரை டாக்டர் கையில் இருந்த அதே தாள்தான். இங்கிலாந்தில் ஈரல் டெஸ்ட்டில் பெரும்பாலும் ஏஎல்டி மட்டும்தான் வரும், அதாவது மதுரையில் சொல்லும் எஸ்ஜிபிடி. இந்தக் கணக்குக்கு வேண்டிய எஸ்ஜிஓடியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதில் மதுரை ஜெயித்தது.

மண்ணீரல் ஏன் வீங்குகிறது என்று அண்ணன் கேட்டதற்கு, “மடை அடைச்சா கண்மாய் ததும்பாதா?” என்றார். ஈரல் கெட்டியானால் குடலிலிருந்து வரும் ரத்தம் அதில் இறங்காமல் பின்னால் தேங்கும். மண்ணீரல் பெருத்து, பிளேட்லெட்டைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். பல் ஈறில் ரத்தம் வந்தது பிரஷ்ஷால் மட்டும் இல்லை போலிருக்கிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி லேசாகக் கூடியிருக்கிறதே என்று ஆறுதல்படக் கூடாது, தழும்பு விழுந்த ஈரலிலும் அவை ஒழுங்காகவே இருக்கலாம் என்றார். எல்லாப் பழியையும் ஈரல் மேல் போடவும் இல்லை. கணுக்கால் வீக்கத்துக்கு அண்ணன் சாப்பிடும் பிரஷர் மாத்திரை அம்லோடிபின்தான் காரணமாக இருக்கும் என்று மாத்திரை அட்டையைப் பார்த்துச் சொன்னார்.

குடிக்காதவனுக்கு எப்படி என்ற கேள்வியை அண்ணன் மூன்று தடவை கேட்டார். ஈரலில் கொழுப்பு சேரச் சர்க்கரையும் தொப்பையும் போதும். நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அண்ணனுக்கு 102. இந்தக் கொழுப்பு ஈரல் நோயின் மருத்துவப் பெயரிலேயே ‘மது சாராத’ என்று இருந்ததை 2023-ல் எடுத்துவிட்டு, வளர்சிதைமாற்றக் கோளாறைப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். கீழாநெல்லி பற்றி மதினி கேட்டுவரச் சொல்லியிருந்தார். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் அது ஹெபடைடிஸ் பி கிருமியிடம் வேலை செய்வதாக லான்செட் இதழில் எழுதியதையும், பின்னால் வந்த ஆய்வுகளில் அது தேறாததையும் டாக்டரே சொன்னார். அண்ணனுக்கு இருப்பது அந்தக் கிருமியும் இல்லை, அதையும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டோம்.

அவர் எழுதிக்கொடுத்த இடத்தில், ஈரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தோம். மூன்று மணி நேரம் வெறும் வயிறு, விலாவில் பத்துத் தட்டு, பத்து நிமிட வேலை. 13.6 கிலோபாஸ்கல். தழும்பு நன்றாகவே விழுந்திருக்கிறது, ஆனால் வயிற்றில் நீர் கோக்கவில்லை, திரும்பி வர இன்னும் வழி இருக்கிறது என்றார் அங்கிருந்த ஈரல் மருத்துவர். 86 கிலோவில் எட்டுக் கிலோ குறைக்க வேண்டும். ராத்திரி புரோட்டா கிடையாது. சர்க்கரை போடாத காபி குடிக்கலாம் என்றபோதுதான் அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்தது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்று ஒரு எண்டோஸ்கோப்பி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது அண்ணன் அதைத்தான் கேட்டார். “ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேனா? அதே எடத்துலயா தம்பி?”