நெற்றி மேட்டுத் தகராறு: கிளிங்கானுக்கு எந்த முகம் உசத்தி?

போன தை மாதம், முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வந்திருந்தோம். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகிற பக்கம். பெரிய வீட்டில் எங்களுக்கு எட்டில் ஒரு பங்கு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் முகப்பில் கணக்குப் பேச உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் நாலு பேர் உள்ளே வளவு என்கிற முற்றத்தில் பாயை விரித்து, முறுக்கு டின் மேல் லேப்டாப்பை வைத்து, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதையைப் போட்டோம். அக்காவோடு சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அயித்தான், அதில் 'டிஸ்கவரி' என்கிற தொடரை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம் என்றார். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. "யாருப்பா இவங்க?" என்று அண்ணன் கேட்டார். கிளிங்கான் என்று சொன்னதும், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர்தான், அரை மணி நேரம் ஆளைக் காணோம்.

இந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி. கிளிங்கான்கள் ஸ்டார் ட்ரெக் உலகத்தின் போர்க்குடி. மானம், வீரம், பழிக்குப் பழி என்று வாழ்கிறவர்கள். முதலில் திரையில் வந்தது 1967-ல். அன்றிலிருந்து அவர்களுடைய முகம் பெரிய அளவில் பல தடவை மாறியிருக்கிறது, சின்னச் சின்ன மாற்றங்களுக்குக் கணக்கே கிடையாது. மாறும்போதெல்லாம் ரசிகர்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை நடக்கும். எந்த முகம் உசத்தி என்று அன்று ராத்திரி நாங்களும் அடித்துக்கொண்டோம். அங்கே சத்தத்தில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கோர் என்ற கிளிங்கான் தளபதியாக ஜான் கோலிகாஸ் நடித்தார், ஒப்பனை ஃப்ரெட் பிலிப்ஸ். செங்கிஸ்கான் சாயலில் இருக்கட்டும் என்று யோசனை சொன்னதே கோலிகாஸ்தான். பழுப்புப் பூச்சு, மேலே தூக்கிய புருவம், தொங்கு மீசை, தீர்ந்தது வேலை. எங்கள் பக்கத்து வள்ளி திருமண நாடகத்தில் பபூனுக்குக்கூட இதைவிட அதிக நேரம் வேஷம் கட்டுவார்கள். ஆனால் ஒன்று, அந்த ஆள் சிரித்தால் சிரிப்பு தெரிகிறது. ஓரக்கண்ணால் பார்த்தால் அதுவும் தெரிகிறது. ஒப்பனை அவருக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

சரி, குறை? பூச்சுதான். கெட்டவன் என்று காட்டவேண்டுமா, முகத்தைக் கறுப்பாக்கு என்கிற பழக்கம் நம் சினிமாவுக்கும் புதிதில்லை. என் நிறத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைக்காரர் முகத்தில் பூசி "இதோ எதிரி" என்று நிறுத்தும்போது, "அசல் கிளிங்கான் இதுதான்" என்று உருகுகிற பழைய ரசிகர்களோடு என்னால் சேர்ந்து உருக முடியவில்லை. அந்த அசலும் ஒரே மாதிரி இல்லை. அதே 1967-ல், ட்ரிபிள் என்ற உரோம உருண்டைகள் கப்பல் முழுக்கப் பெருகுகிற கதையில் வரும் கிளிங்கான்கள் நிறம் குறைந்து, சாதாரண ஆட்களைப் போலவே இருப்பார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு அசல்.

அப்புறம் 1979. முதல் சினிமா, கையில் காசு. முதுகெலும்பே மேலேறி உச்சந்தலை வழியாக மூக்குவரை இறங்கின மாதிரி நெற்றியில் ஒரு மேடு வந்தது. எல்லாருக்கும் ஒரே அச்சு. விளக்கம் எதுவும் கிடையாது. அவர்கள் எப்போதுமே இப்படித்தான் இருந்தார்கள், முன்பு காட்டப் பணமில்லை என்பது தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி தரப்பு வாதம். 1984-ல் வந்த மூன்றாவது படத்தில் மேடு கொஞ்சம் தணிந்தது. 1987-ல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியபோது மைக்கேல் வெஸ்ட்மோர் கைக்கு வந்தது. அவர் டைனோசர் எலும்புப் படங்களைப் பார்த்து ஆளுக்கு ஒரு நெற்றி செய்தார். இன்றைக்குக் கிளிங்கான் என்றால் கண்முன் வருவது இந்த முகம்தான்: மைக்கேல் டார்ன் நடித்த வோர்ஃப்.

அண்ணன் திரும்பி வந்ததும் அவருக்காக வோர்ஃபைப் போட்டு, ஓரிடத்தில் நிறுத்தி, திரையை நெருங்கிப் பார்த்தோம். நுரை ரப்பர் மூக்குத் தண்டில் இறங்கி நிற்கிறது. உற்றுப் பார்த்தால், ஒட்டின இடத்தில் நிறம் அரை மாற்றுக் குறைவு. நெற்றி வெறும் கட்டை, அசையவே அசையாது. ஆனால் அதற்குக் கீழே கண், கன்னம், உதடு எல்லாம் டார்னுடையவை. யாராவது கிளிங்கான் பரம்பரையைப் பற்றித் தப்பாகப் பேசினால் அந்த ஆள் ஒன்றும் செய்யமாட்டார், கண்ணை மட்டும் மெதுவாகத் திருப்புவார். மேலே அந்தக் கட்டை அசையாமல் நிற்பதால் கீழே கண் நகர்வது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. வெஸ்ட்மோர் முகத்தின் முழு சூட்சுமமும் இதுதான் என்று நினைக்கிறேன். ரப்பர் ஒரு எல்லையோடு நின்றுவிடுகிறது, மிச்சத்தை நடிகரிடம் விட்டுவிடுகிறது. இத்தனைக்கும் வோர்ஃபின் நெற்றியே முதல் பருவத்தில் ஒரு மாதிரி, பிறகு வேறு மாதிரி. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

முகம் மாறியதற்குக் கதைக்குள் காரணம் சொல்லவேண்டுமா என்பது தனித் தகராறு. இதில் மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். 1994-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் கோலிகாஸ் உட்பட அறுபதுகளின் மூன்று கிளிங்கான் நடிகர்கள் அதே பாத்திரங்களாகத் திரும்பி வந்தார்கள், இந்தத் தடவை நெற்றி மேட்டோடு. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. கிழவர்கள் மூவரும் பழைய பகையைத் தீர்க்கப் புறப்படுகிறார்கள், நமக்கு அந்தப் பகைதான் முக்கியமாகப் படுகிறது. 1996-ல் அதே தொடரில் காலத்தில் பின்னோக்கிப் போய் அந்த ட்ரிபிள் கதைக்குள்ளேயே நுழைகிறார்கள். மேடில்லாத பழைய கிளிங்கான்களைப் பார்த்துவிட்டு இது என்ன என்று எல்லாரும் வோர்ஃபைப் பார்க்க, இதையெல்லாம் வெளியாட்களிடம் பேசுவதில்லை என்று முடித்துவிடுகிறார். எங்கள் வளவில் அந்த இடத்துக்கு எழுந்த சிரிப்பு வேறு எதற்கும் எழவில்லை. முகப்பில் அந்த நேரம் பெரியவர்கள் எந்தப் பங்கு யார் ஓடு மாற்றவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாராவது வந்து கேட்டால் அவர்களும் வோர்ஃப் சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது வழி 2005-ல், 'என்டர்பிரைஸ்' தொடரில். மரபணுவை மாற்றி வீரர்களை உருவாக்கப் போய் ஒரு நோய்த்தொற்று பரவி, ஏராளமான கிளிங்கான்களின் நெற்றி சமமாகிவிட்டது என்று இரண்டு பாகம் எடுத்து விளக்கினார்கள். கதை ஒழுங்காகத்தான் இருக்கிறது. அயித்தானுக்கு ரொம்பப் பிடிக்கும், முப்பது வருஷக் கணக்கு நேரானது என்பார். எனக்கு வோர்ஃப் சொன்ன அந்த ஒரு வரியே போதும். காசு இல்லாத குறையை மறைக்க ஒரு கொள்ளை நோயைக் கொண்டுவருவது, வெடித்த சுவருக்குப் பூகம்பம் காரணம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

இனி 2017. அண்ணனை எழுந்து போகவைத்த முகம்.

'டிஸ்கவரி'க்காக நெவில் பேஜும் க்ளென் ஹெட்ரிக்கும் கிளிங்கானை அடியிலிருந்து திரும்பச் செய்தார்கள். தலையில் ஒரு முடி கிடையாது. மண்டை பின்னால் நீண்டிருக்கும்; உச்சியிலிருந்து பின்கழுத்துவரை புலன் உறுப்புகள் ஓடுகின்றன என்பது அவர்கள் வைத்த காரணம். நெற்றி, கன்னம், மூக்கு, தாடை எல்லாமே ஒப்பனைத் துண்டுக்குள். கை, நகம்வரை மாற்றம். உடையில் அவ்வளவு நுணுக்க வேலை, நம் தேரில் மரவேலை பார்ப்பது மாதிரி நின்று பார்க்கலாம். பேச்சும் முழுக்கக் கிளிங்கான் மொழியில், கீழே எழுத்து ஓடும்.

இதை ஆதரித்தவர்கள் சொன்னது இது. ஒரு பேரரசே இருக்கும்போது எல்லாரும் ஏன் ஒரே முகமாக இருக்கவேண்டும்? தொடரிலேயே 24 பெருங்குடிகள் என்று வருகிறது, குடிக்கு ஒரு முகம் இருந்தால் என்ன? அயித்தான் இதைப் பிடித்துக்கொண்டார். "நம்ம நகரத்தாருக்கே பிரிவுக்கு ஒண்ணா ஒன்பது கோயில் இருக்கில்ல?" என்றார். இளையாற்றங்குடிக்காரருக்கும் மாத்தூர்க்காரருக்கும் கோயில் வேறே தவிர மூக்கு வேறு இல்லையே என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். அந்தப் பேச்சு அப்படியே பெண் எடுத்த கதைக்குப் போய்விட்டது.

எதிர்த்தவர்கள் பெரும்பாலும் "இது கிளிங்கானே இல்லை" என்றார்கள். இந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. 1979-லும் இதையே சொல்லியிருக்க முடியும். அறுபதுகளின் முகத்திலிருந்து நெற்றி மேட்டுக்குத் தாவினது இதைவிடச் சின்னத் தாவல் இல்லை. என் குறை வேறு.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தோம். டிஸ்கவரியில் ஒரு காட்சியை நிறுத்தி வைத்தோம். டிகூவ்மா என்ற தலைவர், முகத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. தோலில் ஒவ்வொரு மடிப்பும் துளையும் தெரிகிறது. நிறுத்தி வைத்த படத்தில் இதற்குப் பக்கத்தில் வோர்ஃப் நிற்கவே முடியாது, அண்ணன்கூட ஒத்துக்கொண்டார். பிறகு ஓடவிட்டோம். பெரிய வீர உரை, ஆனால் கன்னம் நகரவில்லை. பல் பொருத்தியிருப்பதால் வாய் முழுதாக மூடித் திறக்கச் சிரமப்படுகிறது. சொற்கள் வெல்லப்பாகில் மாட்டின மாதிரி ஒவ்வொன்றாக வருகின்றன. கோபமா, துக்கமா என்று அறிய நாம் கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கவேண்டியிருக்கிறது. நிறுத்தினால் ஜெயிக்கிற முகம், ஓடவிட்டால் தோற்கிறது. தொடர் என்பது ஓடுகிற சாமான்.

இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் வேகமாகவே பேசுகிறேன். எங்கள் வீட்டு வாசல் முகப்பின் மேல் சுதையில் ஒரு கஜலட்சுமி இருக்கிறாள், இரண்டு பக்கமும் யானை. சில வருஷம் முன்பு பங்குப் பணம் சேர்த்து, ஒரு காண்டிராக்டரிடம் புதுப்பிக்கக் கொடுத்தோம். அவர் விரிசலை அடைக்கிறேன் என்று சிமெண்டைக் கனமாக இழைத்து, மேலே எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார். போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. பழைய சுதையில் உதட்டோரம் ஒரு சின்னக் குழி இருந்தது, அதில் சாயங்கால வெயில் விழும்போது லேசாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் குழி இப்போது சிமெண்டுக்குள். புதிதாகச் செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் குழியை விட்டிருக்கலாம்.

டிஸ்கவரிக்காரர்கள் எங்கள் காண்டிராக்டர் மாதிரி இல்லை, காது கொடுத்துக் கேட்டார்கள். 2019-ல் இரண்டாம் பருவத்தில் கிளிங்கான்களுக்கு முடி வந்தது. போர்க்காலம் என்பதால் மழித்திருந்தோம் என்று ஒரு சாக்கு, அது போதும். கிளிங்கான் தலைவி எல்ரெல்லாக நடித்த மேரி சீஃபோவின் முகத்தில் ஒப்பனையின் இறுக்கம் தளர்ந்து, அந்த அம்மாவுக்கு இவ்வளவு நடிக்கத் தெரியுமா என்று அப்போதுதான் தெரிந்தது. 2023-ல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இரண்டாம் பருவம் வெஸ்ட்மோர் பாணிக்கே திரும்பிவிட்டது, அதே வருஷம் 'பிக்கார்ட்' தொடரின் கடைசிப் பருவத்தில் நரைத்த தலையோடு வோர்ஃபும் வந்தார்.

இதே கதையில் வரும் வேறு வேற்றுக்கிரக இனங்களான ரோமுலன்களையும் ட்ரில்களையும் சேர்த்துப் பேசவேண்டும் என்று அயித்தான் அடம்பிடித்தார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோமுலன்களுக்கு 1966-ல் சமநெற்றி, 1988-ல் மேடு. 2020-ல் 'பிக்கார்ட்' தொடர், மேடு உள்ளவர்கள் வடக்கத்திக்காரர்கள் என்று ஒரு சொல்லில் இரண்டையும் வைத்துக்கொண்டது. ட்ரில்களுக்கு 1991-ல் நெற்றியில் ரப்பர். 1993-ல் டெரி ஃபேரல் அந்த வேஷத்துக்கு வந்ததும், அவர் முகத்தை மறைப்பானேன் என்று ரப்பரை எடுத்துவிட்டு, நெற்றியோரத்திலிருந்து கழுத்துவரை புள்ளிகளை வரைந்தார்கள். ஸ்டார் ட்ரெக்கின் ஆகச் சிறந்த மறு ஒப்பனை எது என்றால் நான் இந்தப் புள்ளிகளைத்தான் சொல்வேன். தூரிகையோடு வேலை தீர்ந்தது, முகம் முழுக்க நடிகைக்கே.

கிளிங்கானுக்கு என் வரிசை: வெஸ்ட்மோர் முகம் முதலில், தூரமில்லாமல் 2019 முகம், பிறகு பூச்சைக் கழித்துவிட்டு 1967, கடைசியில் 2017. அயித்தான் தலைகீழாக வைக்கிறார். அண்ணனுக்கு வோர்ஃபைத் தவிர வேறு கிளிங்கானே கிடையாது. மணி ஒன்று ஆனபோது முகப்பில் கணக்கு முடிந்து பெரியப்பா உள்ளே வந்தார். அடுத்த படைப்புக்குள் லட்சுமி மேலிருக்கிற எனாமலைச் சுரண்டிப் பார்க்கலாம் என்று பேச்சாம், அதற்கும் மூன்று பங்கு சம்மதம், ஐந்து பங்கு யோசிக்கிறது. திரையில் நின்றிருந்த டிகூவ்மாவைக் குனிந்து பார்த்தவர், "இதுக்கு யார் சிமெண்ட் பூசினது?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.