சித்தப்பாவின் கிட்டாரும் செத்துப்போகாத காந்தமும்: பிக்கப் மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆலயப் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். ஒலி மெலிந்து கேட்கிறது, பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும், காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த பாகம்) மாற்றினால் இதமும் கனமும் வந்துவிடும் என்று நம்பி, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறியவன் நான். 13,000 ரூபாய் போனது. அது போகட்டும், உழைத்தால் வரும். கூடவே போன இரண்டு பொருள்கள் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் மனு தயாராகிறது. பெயர் அதில் இருக்கும்.

கிட்டார் என் சித்தப்பாவுடையது. கப்பலில் வேலை பார்த்தவர். 1980களின் கடைசியில் சிங்கப்பூரில் வாங்கிவந்தார். 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தைப் பார்த்து ஜப்பானில் செய்தது. கழுத்துப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று என, ஒற்றைக் கம்பிச் சுருள் கொண்ட மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள். எங்கள் ஊரில் வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். அதனால் ஆண்டுதோறும் வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் சித்தப்பா முகப்புத் தகட்டைக் கழற்றி, உள்ளே படிந்த உப்புப் பிசுக்கைத் துடைப்பார். கழற்றிய திருகாணிகளைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பது என் வேலை. பிக்கப்புகள் இடம் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தார். கழுத்துப் பக்கத்துக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, பிரிட்ஜ் பக்கத்துக்கு மூன்று. துடைத்து முடித்ததும், பிக்கப்பில் தெரியும் ஆறு தண்டுகளில் ஒன்றின் மேல் ஒரு தையல் ஊசியை வைப்பார். ஊசி நிமிர்ந்து நிற்கும். "காந்தம் உயிரோடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மூடுவார்.

அவர் மறைந்தபின் சித்தி அதை உறையோடு என் கையில் கொடுத்தார். திருப்பலிக்கும் நவநாளுக்கும் அதைத்தான் வாசிக்கிறேன். ஆனால் ஆலயத்தில் மைக் செட்டில் செருகி வாசிக்கும்போது ஒலி தகரத்தைத் தட்டியதுபோல் வந்தது. மேல் கம்பிகள் காதைக் குத்தின, கீழ்க் கம்பிகளுக்கு உடம்பே இல்லை. இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: பிக்கப்பை மாற்று.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில், நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில் வேலையும் பாதி, சம்பளமும் பாதி. ஆனாலும் நேரம் இருந்தது. சேர்த்து வைத்த பணத்தோடு மே மாதம் இரண்டாவது வாரம் மதுரைக்குப் போனேன்.

கடைக்காரர் கிட்டாரைத் தம் கடை ஆம்பில் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) செருகி நான்கு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசித்தார். மின்தடை அளக்கும் மீட்டரை எடுக்கவில்லை, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அதுதான் காரணம். உப்புக்காற்றில் காந்தம் செத்துப்போய்விட்டது. மூன்றில் இரண்டையாவது மாற்றினால்தான் உண்டு" என்றார்.

நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் சைக்கிள், ஜன்னல் கம்பி, மின்விசிறி எல்லாமே துருவேறித்தான் போகின்றன. எங்கள் ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்த பொய் அது. அந்த ஆறு தண்டுகளும் அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்த அல்நிகோ காந்தம். காற்றுப் பட்டுச் சாகிற பொருள் அல்ல, பல பத்தாண்டுகள் வலுவோடு இருக்கும். உப்பு அரிப்பது தண்டைச் சுற்றி ஏறக்குறைய 8,000 சுற்றுகள் ஓடும், தலைமுடி அளவே உள்ள செம்புக் கம்பியைத்தான். அது அறுந்துவிட்டதா என்பதை மீட்டரை வைத்தால் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அவர் தருவதாகச் சொன்னது ஹம்பக்கர். ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த இரண்டு காயில்களால் மின்சார இரைச்சலை அடித்து நொறுக்கும் பிக்கப். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் உருவாக்கிய வழி அது. அதையே சிங்கிள் காயில் அளவுக்குள் அடக்கிய வகை, அல்நிகோ காந்தம், 8 கிலோ ஓம் மின்தடை, வெளிநாட்டுத் தயாரிப்பு என்றார். ஒன்று 5,500 ரூபாய், இரண்டுக்கு 11,000, வேலைக்கூலி 2,000. முன்பணமாக 8,000 கொடுத்தேன்.

மூன்று வாரம் அலைக்கழித்துவிட்டு ஜூன் முதல் வாரம் கொடுத்தார். பில்லில் "கிட்டார் சர்வீஸ் 13,000" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பழைய பிக்கப்புகளைக் கேட்டேன். "அந்தக் குப்பை எதற்குத் தம்பி? அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டோம்" என்றார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். அங்கேயே உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் வந்துவிட்டேன். இன்றுவரை மனத்தை அறுப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

ஜூன் 13 அந்தோணியார் திருவிழா. கொடியேற்றத்தன்று மாலை முதல் பாடலுக்குக் கழுத்துப் பக்க பிக்கப்புக்குச் சுவிட்சைத் திருப்பினேன். ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலிருந்தும் தேனீக்கூடு கலைந்ததுபோல் ஓர் இரைச்சல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், எதை ஒழிக்க ஹம்பக்கர் போட்டேனோ அதே இரைச்சல், முன்பைவிடக் கூடுதலாக. கிட்டாரின் ஒலியோ முன்பைவிட மெலிந்திருந்தது. பாடகர் குழுவின் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நான் வால்யூமை மூடிவிட்டு, மீதிப் பாடல்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் "உங்கள் மைக் செட் சரியில்லை" என்றார்கள். அடுத்த நாள் "உங்கள் ஊர் கரண்ட் சரியில்லை". மூன்றாம் நாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

எங்கள் ஐஸ் கம்பெனிக்கு மோட்டார் காயில் கட்டித் தரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அதுவரை கிட்டார் பிக்கப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. "காந்தம், அதைச் சுற்றிக் காயில். அவ்வளவுதானே? கொண்டுவா" என்றார். திருகாணிகளைக் கழற்றி நான் தீப்பெட்டியில் போட்டேன்.

முதலில் மின்தடையை அளந்தார். 8 கிலோ ஓம் என்று விற்றது 15.8 காட்டியது. பிறகு பழைய முள் மீட்டர் ஒன்றை எடுத்து, பிக்கப்பின் ஒயரில் இணைத்துவிட்டு, மேலே தெரியும் இரண்டு இரும்புப் பட்டைகளில் ஒன்றின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சட்டென எடுத்தார். முள் இலேசாக வலப்பக்கம் துடித்தது. அடுத்த பட்டையில் வைத்து எடுத்தார். முள் இடப்பக்கம் துடித்தது. சரியாக இணைத்த ஹம்பக்கரில் இரண்டும் ஒரே பக்கம் துடிக்க வேண்டும். "ஒரு காயில் கொடுப்பதை இன்னொரு காயில் தின்கிறது, தம்பி. இரைச்சல் மட்டும் இரண்டு மடங்காகிறது" என்றார். மொத்த மின்தடை அப்போதும் அதேதான் இருக்கும் என்பதால் சாதாரண அளவையில் இந்தக் கோளாறு அகப்படாது. இத்தகைய பிக்கப்பில் நான்கு வண்ண ஒயர்கள் வரும். வண்ண வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் சிக்னல் ஒயர் கறுப்பு, டிமார்ஜியோவில் சிவப்பு. ஏதோ ஒரு படத்தைப் பார்த்து ஏதோ ஒன்றுக்கு ஈயம் வைத்திருக்கிறார்கள்.

அடியில் இருந்த நிறுவன முத்திரை நகம் பட்டதும் உரிந்து வந்தது. வெறும் அச்சடித்த காகிதம். அதன் கீழிருந்த டேப்பைப் பிரித்து, உள்ளே தெரிந்த கருஞ்சாம்பல் நிறக் காந்தத்தின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை. அல்நிகோ உலோகம், மின்சாரம் பாயும். செராமிக் காந்தத்தில் பாயாது. அடுத்து, மாற்றாமல் விட்ட நடுப் பிக்கப்பின் தண்டில் வைத்தார். முள் ஓடிப்போய் மறுகோடியில் நின்றது.

அதாவது அல்நிகோவைக் கடையில் விட்டுவிட்டு, பணமும் கொடுத்து, செராமிக்கை வாங்கி வந்திருக்கிறேன். செராமிக் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. நல்ல நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. அல்நிகோ என்று சொல்லி விற்றதுதான் திருட்டு. ஓம் கூடினால் ஒலி கனக்கும் என்றும் சொல்வார்கள், ஏமாறாதீர்கள். ஒயர் இன்னும் மெல்லியதாக இருந்தாலே ஓம் கூடிவிடும்.

அண்ணன் ஒயர்களை மாற்றி வைத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. இரைச்சல் அடங்கியது. ஒலி தடித்தது, ஆனால் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது.

தேர்ப்பவனிக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்த மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எதில் செருகி வாசிக்கிறீர்கள்?" நேராக மைக் செட்டின் மிக்சரில் என்றேன். தலையை ஆட்டினார். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மைக் செட்டின் ஹார்ன் அதை அப்படியே முகத்தில் எறியும். தவிர, பிக்கப்புக்கு 10 லட்சம் ஓம் அளவுள்ள உள்ளீடு வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீடு 10,000 ஓம் அளவில்தான் இருக்கும், பிக்கப் மூச்சுத் திணறிப்போகும். குறை கிட்டாரில் இல்லவே இல்லை.

தம்முடைய சிறிய ஆம்பில் என் கிட்டாரைச் செருகினார். நடுப் பிக்கப் கம்பிகளை ஒட்டி நின்றது. காந்தம் இழுத்தால் கம்பி அதிர்வு கெட்டுவிடும் என்று திருகாணியைச் சுழற்றி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். டோன் கட்டுப்பாட்டை 10-இலிருந்து 6-க்கு இறக்கினார். ஆம்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்தார். ஒரு கார்டு வாசித்தேன். நான் மூன்று ஆண்டுகளாகத் தேடிய ஒலி வந்தது. சித்தப்பா விட்டுப்போன மூன்றில் மிச்சமிருந்த ஒன்றிலிருந்து வந்தது. கழுத்துப் பக்க பிக்கப்புக்கு மேல் கம்பி இன்னும் அகலமாக அதிரும், ஒலி இன்னும் கனிந்து வரும். அது இருந்திருந்தால் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

ஆகவே, பிக்கப்பைத் தொடுவதற்கு முன் ஒரு நல்ல ஆம்பில் செருகிக் கேளுங்கள், உயரத்தையும் டோனையும் சரிசெய்து பாருங்கள், ஒருமுறை தடித்த கம்பி போட்டும் பாருங்கள். அதன் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றுவதற்கு முன் பழையதை உங்கள் கண்முன் மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். உள்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் நிறுவனம், மாடல், காந்தத்தின் வகை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். பழையது உங்கள் சொத்து, கடைக்காரரின் குப்பை அல்ல.

ஏமாந்தவர்கள் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நமக்கு ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைக் கொடுக்க வேண்டும். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் முறையிடலாம். நான் அங்கே பதிவு செய்துவிட்டேன். உரிந்து வந்த காகித முத்திரை, பில், அளவுகளின் படங்கள் எல்லாம் ஓர் உறையில் பத்திரமாக இருக்கின்றன.

சித்தியிடம் போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ளி வைத்தது என்னுடைய நகப்பூச்சு. முதல்முறை சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது" என்றார்.

அந்த இரண்டும் குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. பழைய ஜப்பானியப் பிக்கப்புகளுக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். யாராவது விற்பனைக்குக் காட்டினால் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மூடி பழுப்பேறி, தேங்காய்ப்பாலில் மஞ்சள் கலந்த நிறத்தில் இருக்கும். கழுத்துப் பக்கத்து மூடியின் ஓரத்தில் மெழுகுவர்த்தி பட்டு அரிசி அளவுக்கு உருகிய தழும்பு உண்டு. அடியில் ஒன்றில் ஒரு சிவப்புப் புள்ளி, மற்றதில் மூன்று. இரண்டு புள்ளி உள்ளது என்னிடம் இருக்கிறது, ஒப்பிட்டுக் காட்டுகிறேன். என்ன விலை சொன்னாலும் எனக்கு ஒரு வார்த்தை தெரியப்படுத்துங்கள்.