எக்கோவா, எம்ஆர்ஐயா? ஐசிடி வைக்கும் முன் ஒரு பார்வை

"பம்பிங் 35தான் இருக்கு, ஐசிடி வெச்சிடலாம்." டாக்டர்கள் இப்படிச் சொல்வதுண்டு. ஐசிடி என்பது ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய மார்பில் புதைக்கும் கருவி. பம்பிங் என்பது இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்ற கணக்கு. அந்த 35 பெரும்பாலும் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தந்த எண்.

எக்கோவை மட்டம்தட்ட மாட்டேன். ஜெல் தடவி மார்பில் வைத்தால் அரை மணிக்குள் வால்வு, அறைகளின் அளவு, பம்பிங் எல்லாம் தெரியும். ஐசியூவில் படுக்கைக்கே வரும், செலவும் குறைவு. ஆனால் ஒருவர் 35 என்று எழுதியதை இன்னொருவர் 40 என்று எழுதுவது சாதாரணம். அதைவிடப் பெரிய குறை, இதயத் தசை செத்துப்போன இடத்தில் விழும் தழும்பு அதில் சரியாகத் தெரியாது. உயிருக்கே உலைவைக்கும் விடி (வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, இதயத்தின் கீழறைகளில் கிளம்பும் அதிவேகத் துடிப்பு) பல பேருக்குப் பிறப்பதே அங்கேதான்: செத்த தசைக்கு நடுவே பிழைத்துக் கிடக்கும் இழைகள் வழியாக மின்சாரம் மெதுவாக ஊர்ந்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே புகுந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

எம்ஆர்ஐயில் காடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தை ஊசியாகப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பு, தழும்பு வெள்ளை. வெள்ளை சுவரின் உள்விளிம்பில் தொடங்கினால் பழைய மாரடைப்பு என்று சந்தேகிக்கலாம். சுவரின் நடுவே கோடாக ஓடினால் கதை வேறு, பம்பிங் 40 இருந்தாலும் திடீர் மரண ஆபத்து கூடுதல். 2016இல் வந்த 'டேனிஷ்' ஆய்வில், மாரடைப்பு அல்லாத காரணங்களால் பம்பிங் 35க்குள் இறங்கியவர்களுக்கு ஐசிடி வைத்ததில் திடீர் மரணம் குறைந்தது, மொத்த இறப்பு பெரிதாகக் குறையவில்லை. அதாவது பம்பிங் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆளைப் பொறுக்குவது சரிப்படவில்லை.

சரி, எம்ஆர்ஐயில் தொல்லை இல்லையா? முக்கால் மணி நேரம் குழாய்க்குள் "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் கலங்கும். சிறுநீரகம் மோசமானவர்களுக்குக் காடோலினியத்தை யோசித்துத்தான் போடுவார்கள்.

ஐசிடி வைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் வேறு சிக்கல். இப்போதைய கருவிகள் பலவற்றோடு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு எம்ஆர்ஐ எடுக்கலாம்தான், ஆனால் இடது தோளுக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டியின் உலோகம் படத்தில் இதயத்தின் முன்சுவரையே மறைத்துவிடலாம். அந்த நிலையில் சிடி கைகொடுக்கும், சுவர் மெலிந்த இடத்தைக் காட்டி அப்லேஷனுக்கு (கோளாறான துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடக்கும் சிகிச்சை) வழி சொல்லும்.

இன்னொன்று பெட் ஸ்கேன். அது இதயத் தசையில் சார்காய்டு மாதிரி அழற்சி நோய் என்று சந்தேகம் வந்தால் மட்டும். அதற்கு முதல் நாளிலிருந்தே மாவுச்சத்து கூடாது. மறந்துபோய் ரெண்டு இட்லி தின்றாலும் படம் பாழ்.

என் கட்சி இது: எக்கோ எல்லோருக்கும், முதலில். விடி வந்து விழுந்தவரை ஸ்கேனுக்காகக் காக்க வைக்கக் கூடாது. நிலைமை நிதானமாக இருந்தால், ஐசிடிக்குத் தேதி குறிக்கும் முன்பே எம்ஆர்ஐ பற்றிக் கேட்டுவிடுங்கள்.