பாத்ரூம் குழாய் மாற்ற நாமே இறங்கலாமா, பிளம்பர் வரணுமா?

கைத்திறமையை விட, மரை எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். வாஷ்பேசின் மேல் நிற்கும் குழாய்க்குத் தண்ணீர் ஹோஸ் வழியாக வருகிறது, இணைப்பு முழுக்க வெளியே தெரியும். சுவரில் திருகிய குழாயின் மரை டைல்ஸுக்குப் பின்னால் போய்விடும். முதலாவதில் பிசகினால் தரை நனையும். இரண்டாவதில் பிசகினால் சுவரை உடைக்க வேண்டி வரலாம்.

எதுவானாலும் முதல் சோதனை, தண்ணீர் நிற்கிறதா என்பதுதான். பேசின் குழாய் என்றால் அதற்குக் கீழே ஹோஸுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வையும், சுவர்க் குழாய் என்றால் வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் மெயின் கேட் வால்வையும் மூடிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். சொட்டு விடாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம். ஆங்கிள் வால்வை மூடியும் ஒழுகினால் மெயின் கேட் வால்வை மூட வேண்டும். பல வருஷம் தொடாத கேட் வால்வு உப்புப் படிந்து முழுதாக மூடாமல் போகலாம். அதுவும் மூடவில்லையென்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு பிளம்பருக்கு போன் செய்யுங்கள்.

பேசின் குழாயை நாமே மாற்றுவதில் சிரமமான கட்டம் பழையதைக் கழற்றுவதுதான். அடியில் பிடித்திருக்கும் நட்டுக்கு சாதாரண ஸ்பேனர் எட்டாது, நீளக் கம்பியும் நுனியில் கொக்கியும் உள்ள பேசின் ஸ்பேனர் வேண்டும். துரு பிடித்திருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். புதியதைப் பொருத்தும்போது ரப்பர் வாஷர் உள்ள ஹோஸ் முனைக்கு டெஃப்லான் டேப் (கசியாமல் இருக்க மரையில் சுற்றும் மெல்லிய டேப்) தேவையே இல்லை. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கினால் வாஷர் நசுங்கி அங்கேயே கசியும். பழைய ஹோஸைத் திரும்ப மாட்டாதீர்கள். எல்லாம் முடிந்ததும் குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்தால், பைப்பில் கிளம்பும் மண்ணும் துருவும் அதில் அடைக்காது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கால் மணி நேரம் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரிந்துவிடும்.

புதியவருக்கு மொத்தமாக இரண்டு மணி நேரம் ஆகலாம். பிளம்பர் இதைப் பாதி நேரத்துக்குள் முடிப்பார், ஆனால் இதற்காக அவரை அழைப்பது கொஞ்சம் ஆடம்பரம்தான்.

சுவர்க் குழாயில் நிலைமை வேறு. அரை அங்குல மரையில் டெஃப்லான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்து வரும். குழாய் நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பி நேராக்கக் கூடாது. டேப் தளர்ந்து கசியும், கழற்றிப் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும். சுவருக்குள் இருப்பது பித்தளை மரை இல்லாத பிளாஸ்டிக் எல்போ (பைப்பின் வளைவு இணைப்பு) என்றால் அதிக இறுக்கத்தில் வெடித்துவிடும். பழைய இரும்பு பைப் என்றால் இன்னொரு ஆபத்து உண்டு: துருவில் இறுகிய குழாய் கழற்றும்போது ஒடிந்து, மரைத் துண்டு சுவருக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்கும் கருவியும் பழக்கமும் பிளம்பரிடம் இருக்கும். தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும், சுவருக்குள் பதித்த டைவர்ட்டரும் அவர் வேலைதான்.

பிளம்பர் வந்தாலும் அருகில் நில்லுங்கள். பல்லுள்ள பைப் ரெஞ்சை நேராகக் குரோம் மீது போட்டால் கீறல் விழும், நடுவில் ஒரு துணி வைக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடியை மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டுவதுதான் புகார் என்றால், புதுக் குழாய் வாங்கும் முன் கைப்பிடியோடு திரும்பித் தண்ணீரைத் திறந்து மூடும், உள்ளிருக்கும் ஸ்பிண்டிலை மட்டும் மாற்றிப் பாருங்கள். நீளமும் பற்களின் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போக வேண்டும்.