யாழ்ப்பாணத்தில் என் அளவுக்கு ஒரு லெகின்ஸ்

ஊருக்குப் போய் ஒன்பதாம் நாள் காலை, பண்ணைக் கடற்கரையில் வைத்து என் லெகின்ஸ் கிழிந்தது. நான் விழவில்லை, கம்பி எதிலும் கொளுவவும் இல்லை. தொடையும் தொடையும் உரசித் தேய்ந்திருந்த இடம் அன்றைக்கு வேர்வையில் ஊறித் தையலோடு பிரிந்துவிட்டது. ரீசேட்டை முழங்கால்வரை இழுக்கப் பார்த்தபடி ஓட்டோவுக்குக் காத்து நின்ற பத்து நிமிடமும் சோளகக் காற்று என் பக்கம் நிற்கவில்லை.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இந்த முறை ஆடியில் ஐந்து கிழமை லீவில் வந்தேன். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, கிழமைக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கும் அதுதான். ஊருக்குப் போனால் நடை நின்றுவிடும், சாப்பாடு இரண்டு மடங்காகும் என்பது என் பழைய அனுபவம். அதனால் நடை உடுப்புகளைத்தான் பெட்டியில் முதலில் அடுக்கினேன். பாரம் கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் சொன்னபோது மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதும் அந்த உடுப்புப் பையைத்தான். சொக்லேற் ரின்களில் ஒன்றைக்கூட எடுக்க மனம் வரவில்லை. ஆக, போட்டு வந்த லெகின்ஸ் ஒன்று, பிரா ஒன்று, சப்பாத்து ஒரு சோடி. இதுதான் கையிருப்பு.

என் அளவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. மார்பு 46 அங்குலம், இடுப்பு 40, தையல்காரர் சீற் என்று சொல்கிற பின்பக்கச் சுற்றளவு 49. கனடாவில் 20ஆம் சைஸ் எடுப்பேன். அங்கும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஆனால் தேடினால் ஒரு தட்டாவது இருக்கும்.

மச்சாளையும் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தடி நவீன சந்தையில் தொடங்கினேன். அங்கிருந்து கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி என்று இரண்டு நாள் ஏறி இறங்கினோம். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்திய நாட்கள். புடவைக்கடைகளில் பட்டுச் சேலைக்கு நிற்கிற கூட்டத்துக்குள் புகுந்து லெகின்ஸ் கேட்பதே ஒரு வெட்கம்.

முதல் கடையில் செருப்பைக் கழற்ற முன்பே பதில் வந்தது. "அக்கா, உங்கட சைஸ் இல்லை." நான் என்ன தேடுகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என்னை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தாள், கணக்கு முடிந்தது. அந்த இரண்டு நாளும் என்னைக் கண்ணால் அளந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கழுத்திலும் அளவுநாடா இல்லை.

இரண்டாவது கடையில் "பிறீ சைஸ் அக்கா, எல்லாருக்கும் அளவு" என்று ஒரு பக்கெற்றைத் தந்தார்கள். பிறீ சைஸ் என்பது இடுப்பு எலாஸ்ரிக்கை மட்டும் நம்பிச் சொல்லும் வார்த்தை. பிற் ஒன் அறை, அதாவது உடுப்பைப் போட்டுப் பார்க்கிற அறை என்று சாமான் அறைக்கு முன்னால் ஒரு திரையைக் காட்டினார்கள். போட்டேன், ஏறியது. குனிந்து பார்த்தேன். கறுப்புத் துணி இழுபட்டுச் சாம்பல் நிறமாகி, உள்ளே போட்டிருந்த பூப்போட்ட உள்ளாடையின் பூவை எண்ணலாம் போல இருந்தது. எங்கே வாங்கினாலும் இதைச் செய்து பாருங்கள். நின்றபடி கண்ணாடி பார்த்தால் எல்லா லெகின்ஸும் நல்லாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக் குந்தி எழும்ப வேண்டும். அப்போது தோல் தெரிந்தாலோ, இடுப்புப் பட்டி சுருண்டு கீழே இறங்கினாலோ, அது உங்களுக்கானது இல்லை.

மூன்றாவது கடை முதலாளி வயதானவர், மரியாதையான மனிசன். "தங்கச்சி, நடக்கத்தானே, உந்தச் சோட்டியில ஒண்டை எடுங்கோவன்" என்றார். சோட்டி என்றால் வீட்டுக்குள் போடுகிற தளர்வான கவுண். அதில் மட்டும் என் அளவுக்கும் மேலே மூன்று அளவு இருந்தது, நிறமும் நிறைய. அப்போதுதான் உறைத்தது. என்னைப் போன்ற உடம்பு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இருக்கிறது, கடைக்காரர்களுக்கும் அது தெரியும். அந்த உடம்பு வீட்டுக்குள் நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சரக்கு எடுக்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒரு கடையும் உண்டு. அங்கே வேலை செய்த சின்னப் பிள்ளை 3 எக்ஸ்எல் என்று எழுதிய ஒன்றைத் தந்துவிட்டு, "அக்கா, இது ரெண்டு தரம் தோய்ச்சா முழங்காலில பை விழும், உங்களுக்கு நடக்கச் சரிவராது" என்று மெதுவாகச் சொன்னாள். வீட்டில் இருந்து நான் கொண்டுபோன நாடாவால் மேசையில் விரித்து அளந்தோம். இழுக்காமல் சீற் 38 அங்குலம். நன்றாக இழுபடும் துணி என்றால் உடம்பளவைவிட நாலைந்து அங்குலம் சின்னதாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பதினொரு அங்குலம் குறைந்தால் அது லெகின்ஸ் இல்லை, தண்டனை. அந்த நாளில் இருந்து எக்ஸ்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கொழும்பில் இருந்து கூரியரில் எடுப்பிக்கும் வழியையும் பார்த்தேன். 5 எக்ஸ்எல் என்று வந்ததை மச்சாளின் மகள் இப்போது போடுகிறாள், அவள் பள்ளிக்கூடத்தில் ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை. காசு திரும்பாது, மாற்றலாம், ஆனால் மாற்ற அதற்கு மேல் அளவில்லை. பிறகென்ன.

எரிச்சல் எங்கே வந்தது என்றால், இது துணி தெரியாத நாடு இல்லை. இலங்கையின் மிகப் பெரிய ஏற்றுமதிப் பொருளே தைத்த உடுப்பு. உலகத்தின் பெரிய விளையாட்டு உடுப்புப் பிராண்டுகளுக்கு இங்கே தைக்கிறார்கள், கிளிநொச்சியிலும் தொழிற்சாலை இருக்கிறது. என் கிழிந்த லெகின்ஸைத் தோய்க்கப் போடும்போது உள்பக்க லேபிளைப் பார்த்தேன். இலங்கையில் தயாரித்தது. ரொறன்ரோவில் 90 டொலர் கொடுத்து வாங்கி, அதைப் பிறந்த நாட்டுக்கே கூட்டி வந்து கிழித்திருக்கிறேன்.

"பருத்தியில ஒரு பாவாடை போட்டு நடவுங்கோ மச்சாள், வெக்கைக்கு அதுதான் நல்லம்." இது எல்லோரும் சொன்னது. கதிரையில் இருக்கப் பருத்தி நல்லதுதான். முக்கால் மணித்தியாலம் வேகமாக நடந்தால் பருத்தி வேர்வையைக் குடித்துத் தனக்குள் வைத்திருக்கும். பாரமாகும், தோலில் ஒட்டும், உரசும். இரண்டு நாள் பருத்திச் சுரிதாரில் நடந்தேன். மூன்றாம் நாள் உட்தொடையில் தோல் உரிந்து, வஸ்லீன் பூசிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். சுரிதார் மேற்சட்டையின் பக்கத் திறப்பு வேறு, பண்ணைப் பாலத்தில் சோளகத்துக்குப் பாய்மரம் போலத் தூக்கியது. கோட்டையடியில் நடக்கிற ஆண்கள் கண்ணியமாகக் கடலைப் பார்த்தார்கள்.

தையல் அக்காவைக் காட்டித் தந்தது மச்சாளின் மகள். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இவர்களின் உடுப்பெல்லாம் அவரிடம்தான் தைத்தார்களாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள், வீட்டு விறாந்தையில் இரண்டு மெசின். ஒன்று ஓவர்லொக், துணி ஓரம் பிரியாமல் தைக்கிறது. முன்பு கார்மென்ற்ஸில், அதாவது உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கிழிந்த லெகின்ஸை வாங்கி உள்பக்கம் திருப்பி, கிழிந்த இடத்தை விரலால் தடவி, "இதில துணி பிழையில்லை. நாலு தையலும் ஒரு புள்ளியில வந்து முட்டுது, அதுவும் நீங்கள் உரசிற இடத்தில. பிரியாம என்ன செய்யும்?" என்றார். ஊருக்கு வந்து முதல்தடவையாக ஒருவர் என் உடம்பை விட்டுவிட்டு உடுப்பில் குறை கண்டார்.

பிறகு நாடாவை எடுத்தார். பதினான்கு இடத்தில் அளந்தார். நின்றபடி சீற், இருந்தபடி சீற், தொடை மேலே, தொடை நடுவே, கெண்டைக்கால், முன் இடுப்பில் இருந்து கால்களுக்கு இடையால் பின் இடுப்புவரை. இந்தக் கடைசி அளவுதான் எங்களைப் போன்றவர்களுக்குத் தப்புகிற அளவு. வயிறும் பின்பக்கமும் உள்ளவருக்கு அது குறைந்தால், எவ்வளவு விலையான லெகின்ஸும் குனியும்போது பின்னால் இறங்கும். சின்ன அளவை எல்லாப் பக்கமும் ஒரே கணக்கில் பெருப்பித்துப் பெரிய அளவு வெட்டுவார்கள், பின்பக்க உயரத்தைத் தனியாகக் கூட்டமாட்டார்கள் என்று கார்மென்ற்ஸ் கதையும் சொன்னார். ஒவ்வொரு எண்ணையும் கொப்பியில் "கனடா அக்கா" என்று தலைப்புப் போட்டு எழுதினார். சத்தமாக வாசிக்கவில்லை. அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

துணி அவரே எடுத்துத் தந்தார். நைலோன் கலந்த லைக்ரா, நீளத்துக்கும் அகலத்துக்கும் இழுபடுவது. மினுக்கம் இல்லாததைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். மினுங்குகிற துணி ஒவ்வொரு மடிப்பையும் குழியையும் லைற் அடித்துக் காட்டும். கறுப்பும் வேண்டாம் என்றேன். குண்டானவர் கறுப்புத்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கடும் பச்சையில் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று.

கால்கள் சேரும் இடத்தில் நாலு தையலும் முட்டாமல் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்தார். அதன் இரு முனையையும் உட்தொடை வழியே முழங்காலுக்குக் கிட்ட நீட்டி வெட்டியதால், உரசுகிற கோட்டில் தையலே வரவில்லை. இடுப்புக்கு ஒரு அங்குல எலாஸ்ரிக் போடவிடவில்லை நான். அது வயிற்றை இரண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும். ஐந்து அங்குல அகலத்தில் இரட்டைத் துணிப் பட்டி தொப்புளுக்கு மேலே வரும்படி தைத்தார். சாதாரண ஊசி இழுபடும் துணியில் இழையை அறுக்கும், உருண்டை முனை ஊசி வேண்டும். அது அவரிடம் இருந்தது. முதல் ஒன்று இடுப்பில் கொஞ்சம் தளர்வாக வந்து, ஓடினால் இறங்கும் போல இருந்தது. அடுத்தநாளே பிரித்து ஒன்றரை அங்குலம் பிடித்துத் தந்தார், கூலி வாங்கவில்லை. மொத்தச் செலவு கடையில் பார்த்த லெகின்ஸைவிட ஒன்றுக்கு ஆயிரம் ரூபாவரை கூட. திருவிழா நெருக்கம், எட்டு நாள் காத்திருந்தேன். நீங்கள் போனால் இறங்கிய அன்றைக்கே அளவு கொடுங்கள்.

மேற்சட்டைக்கு வேறு வழி. ஆண்களின் விளையாட்டு ரீசேட்டில் பெரிய அளவு எங்கும் கிடைக்கும், ஆனால் தோள் முழங்கைக்குத் தொங்கும், கீழே சீற்றில் இறுகும். கழகங்களுக்கு உதைபந்தாட்ட ஜேர்சி அடிக்கிற இடமொன்றில் போய்க் கேட்டேன். "எத்தினை பேர் ரீம்?" என்றார்கள். ஒரு ஆள்தான் என்றதும் சிரித்துவிட்டு அடித்துத் தந்தார்கள். தோள் 16 அங்குலம், கீழே விரிவு, இரண்டு பக்கமும் நாலு அங்குலத் திறப்பு. நீளத்தை மட்டும் கவனமாகச் சொன்னேன். சீற்றின் ஆக அகலமான இடத்தில் சட்டை முடிந்தால் அந்த இடத்தில் கோடு கீறிக் காட்டியது போல் இருக்கும். அதற்கு மூன்று அங்குலம் கீழே முடிந்தால் கால் நீளமாகத் தெரியும், மாமிமாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முதுகில் நம்பர் போடவா என்று கேட்டார்கள். 49 போடச் சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

பிரா விஷயத்தில் யாழ்ப்பாணம் எனக்குக் கைகொடுக்கவில்லை. விளையாட்டு பிரா என்று விற்பதெல்லாம் எஸ், எம், எல் என்று வரும் இறுக்கமான பெனியன் வகை. சின்ன மார்புக்கு அது போதும். பெரிய மார்புக்கு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தாங்கும் கப், அகலத் தோள்பட்டி, பின்னால் கொளுக்கி எல்லாம் வேண்டும், மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவும் கப் அளவும் தனித்தனியாக எடுத்திருக்க வேண்டும். தையல் அக்காவும் "அது என்னால ஏலாது, பொய் சொல்லமாட்டன்" என்றார். 1977இல் அமெரிக்காவில் மூன்று பெண்கள் ஆண்களின் விளையாட்டு உள்ளாடை இரண்டை ஒன்றாகத் தைத்துத்தான் முதல் விளையாட்டு பிராவைச் செய்தார்கள். அதைச் சொன்னபோது அவர் மச்சாளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார். நான் கொண்டுவந்த ஒன்றையே தினமும் இரவில் தோய்த்துக் காயப்போட்டேன். பிராவும் சப்பாத்தும் வெளிநாட்டில் இருந்து கொண்டு போங்கள். சொக்லேற் ரின்னைக் குறையுங்கள்.

ஜிம் ஒன்றிலும் ஒரு கிழமை சேர்ந்தேன். பெண்களுக்குத் தனி நேரம், பயிற்சி தந்த பிள்ளை கெட்டிக்காரி, காற்றாடி போதாது. காலை ஐந்தரைக்குப் பண்ணையே மேல்.

கடைசிக் கிழமை முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் நடந்தேன். கோட்டையைச் சுற்றி முற்றவெளிக்கு வந்து திரும்பும்போது, எதிரே நடக்கிற ஒரு அம்மா, என் வயதும் என் உடம்பும், சேலையைத் தூக்கிச் செருகிச் சப்பாத்தோடு வருகிறவர், மூன்று நாள் பார்த்துவிட்டு நாலாம் நாள் மறித்தார். "பிள்ளை, உது எங்க வாங்கினது?" வாங்கவில்லை அம்மா, தைத்தது என்று ஒழுங்கையின் அடையாளத்தைச் சொன்னேன்.

திரும்பி வந்து மூன்றாம் கிழமை மச்சாளிடம் இருந்து வட்ஸ்அப்பில் குரல் வந்தது. தையல் அக்காவின் கொப்பியில் என் பெயருக்குக் கீழே இப்போது ஐந்து பேர் இருக்கிறார்களாம். மச்சாள் மரூன் நிறத்தில் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறார், இரண்டு பக்கமும் பொக்கற் வைத்து. "நடக்கிறதுக்கில்லை, சும்மா வீட்டில போட" என்றார்.