புள்ளி விழாத பிரிண்டர்

மதுரையில் இறங்கிய மூன்றாம் நாள் அப்பா ஒரு தாளை நீட்டினார். பதிவுத்துறை இணையதளத்திலிருந்து இறக்கிய வில்லங்கச் சான்று. பாகப்பிரிவினை விஷயமாக வக்கீலிடம் கொடுக்க வேண்டியது. தாளின் குறுக்கே வரிவரியாக வெள்ளைக் கோடுகள். அவற்றில் ஒன்று சரியாக எழுத்துகளின் தலைமேல் விழுந்து அந்த வரியின் புள்ளிகளையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. 'கிரயம்' என்பது 'கிரயம' ஆகிக் கிடந்தது. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவருக்குப் பிரிண்டர் கெட்டதைவிட இதுதான் பொறுக்கவில்லை. "மெய்யெழுத்தே இல்லாம ஒரு பத்திரமாடா?"

தாள் அவசரம் என்பதால் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், ஒரே நிமிடத்தில் பளிச்சென்று வந்தது. ஆனால் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் திரையில் ஊரில் பாதிப் பேருடைய ஆதார் அட்டை வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தபின், வீட்டுப் பிரிண்டரைச் சரிசெய்துவிட்டே டொரொண்டோ திரும்புவது என்று முடிவு கட்டினேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கு ஏன் கூப்பிடவில்லை என்று லேசாக வருத்தம்கூட.

முதல் அரைமணி வைஃபைக்கே போனது. புது ஃபைபர் இணைப்பில் அப்பாவின் போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தது. பிரிண்டருக்கோ 2.4 மட்டும்தான் தெரியும். அதைச் சரிசெய்ததும், மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாள் எடுத்தேன். நான்கு நிறத்திலும் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டுபோல் விழ வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் பரவாயில்லை. கறுப்பு பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது. சரி, மை தெளிக்கும் பகுதியான ஹெட்டுக்குக் கிளீனிங் கொடுத்தேன். மாற்றமில்லை. மறுபடி கொடுத்தேன். அடுத்தடுத்து ஐந்து தடவை. கலர் டேங்குகளில் மை கண்ணெதிரே இறங்கியது, கறுப்பு மட்டும் அசையவே இல்லை.

அப்புறம் கம்பெனி சர்வீஸ். குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும்: இலவச எண்ணில் தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் உடனே குறுஞ்செய்தியில் வந்தது, ஆளும் சொன்ன நாளில் வந்தார். வந்தவர் மூடியைத் திறக்கவே இல்லை. ஒரு நாசில் செக் எடுத்துப் பார்த்தார். "ஹெட் போயிருச்சு சார், மாத்தணும்" என்று ஒரு விலை சொன்னார். கிட்டத்தட்ட புதுப் பிரிண்டரில் பாதி. வந்து போன கூலியாக 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பினார். மொத்தம் ஏழு நிமிடம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவரை அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். கடை என்றால், ஒரு மேஜை, ஒரு குழல்விளக்கு, சுவரை ஒட்டிக் கூரைவரை செத்துப்போன பிரிண்டர்கள். அவர் முதலில் பிரிண்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எத்தனை தடவை கிளீனிங் கொடுத்தீங்கண்ணே?"

"ரெண்டு மூணு இருக்கும்."

சிரித்தார். பின்பக்கத்து மூடியைக் கழற்றி, ஈரமாக ஊறிப்போயிருந்த பஞ்சைக் காட்டினார். கிளீனிங் கொடுக்கும்போது உறிஞ்சும் மையெல்லாம் போய்ச் சேரும் இடம் அது. பஞ்சு நிரம்பிவிட்டது என்று உள்ளே இருக்கும் கணக்கு சொன்னால் பிரிண்டர் மொத்தமாக நின்றுவிடும். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாதாம், அணைத்துவிட்டு ஆறு மணி நேரமாவது விட வேண்டுமாம்.

அப்புறம் ஹெட்டை நகர்த்தி, அது வந்து உட்காரும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார். கட்டைவிரல் நகமளவில் இரண்டு ரப்பர் குழிகள், ஒன்று கறுப்புக்கு, ஒன்று கலருக்கு. கறுப்புக் குழியின் விளிம்பில் காய்ந்த மை பிசின்போலப் படிந்திருந்தது. குழி ஹெட்டோடு ஒட்டி மூடினால்தான் பம்ப் மையை இழுக்கும். இடைவெளி இருந்தால் வெறும் காற்றைத்தான் இழுக்கும். என் ஐந்து கிளீனிங்கும் கலரை மட்டும் காலி செய்த ரகசியம் அதுதான்.

வைத்தியம் எளிமையானது. பேட்டரி கடையிலிருந்து டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் ஒன்று வாங்கிவரச் சொன்னார். சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் குழியில் விட்டார். காது குடையும் பஞ்சுக் குச்சியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். ஒவ்வொரு குச்சியும் கருகின திரி மாதிரி வெளியே வந்தது. ஹெட்டுக்கு அடியில் நனைத்த டிஷ்யூவை மடித்து வைத்து, "ராத்திரி பூரா ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுப் பருத்திப்பால் குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒரே ஒரு கிளீனிங். இரண்டு கோடுதான் விடுபட்டிருந்தது. சாயங்காலம் அதுவும் இல்லை. மொத்தம் 600 ரூபாய், தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து. டொரொண்டோவில் இதே கோளாறுக்கு நான் பிரிண்டரையே தூக்கிப் போட்டிருக்கிறேன். அங்கே பழுது பார்க்க ஆள் தேடும் நேரத்துக்குக் கூலி கணக்குப் போட்டால் புதிது வாங்குவதுதான் மலிவு.

ரிப்பேர்காரர் பணத்தை எண்ணிக்கொண்டே, கூட வந்திருந்த அப்பாவைக் கேட்டார்: "ஐயா, பிரிண்டரை எப்படி ஆஃப் பண்ணுவீங்க?"

"சுவிட்சைத் தட்டுவேன்."

"சுவத்துல இருக்கிறதையா?"

"பின்னே?"

அங்கேதான் விஷயம். கனடாவில் பிளக் பாயிண்டுக்குச் சுவிட்ச் கிடையாது, அதனால் எனக்கு இது தோன்றவே இல்லை. இங்கே தாள் வெளியே விழுந்த மறுநொடி, விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா சுவரில் அணைத்துவிடுவார். பிரிண்டரின் பொத்தானில் அணைத்தால்தான் ஹெட் தன் குழிக்குப் போய் மூடிக்கொள்ளும், இப்படி அணைத்தால் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஏப்ரலில் தெருப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததோடு மாதிரி வினாத்தாள் அடிப்பதையும் நிறுத்திவிட்டார். கத்திரி வெயிலில் வாய் திறந்தபடியே இரண்டு மாதம் கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், சுவர் சுவிட்சை அணைக்காமல் விட அப்பா ஒப்பவில்லை. இலவச மின்சார யூனிட்டைத் தாண்டாமல் இருப்பதில் அவருக்கு ஒரு வைராக்கியம். பிரிண்டரில் அணைத்த பிறகும் அரை வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வருஷம் முழுக்க 5 யூனிட் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப பிரிண்டர்ல அணைச்சு, விளக்கு போனப்புறம் சுவத்துலயும் அணைக்கிறேன்" என்றார். அதில் தப்பே இல்லை.

கிளம்பும் அன்று பார்த்தேன், சுவிட்ச் போர்டுக்கு மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'முதலில் பிரிண்டர். பிறகு சுவர்.' ஒவ்வொரு புள்ளியும் அழுத்தி வைத்திருந்தார்.