பன்னிரண்டு கிழமையும் ஒரு கிளினிக் கொப்பியும்

அதிபரின் மேசைமீது விரித்து வைக்கப்பட்டிருக்கும் வரவுப் பதிவேட்டில், ஆறேழு பேர் பார்த்திருக்கக் கையொப்பமிடுவதுதான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த முதல் நான்கு ஆண்டுகளிலும் எனக்கு மிகக் கடினமான வேலையாக இருந்தது. தரம் 2 பிள்ளைகள் முப்பது பேருக்கு முன்னால் பாடவும் ஆடவும் எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் பெரியவர் ஒருவர் என் கையைக் கவனிக்கிறார் என்று தோன்றினாலே பேனை நடுங்கும், கழுத்து வியர்க்கும், எழுத்து கோணும். ஆகையால் மற்றவர்கள் வருமுன்பே கையொப்பமிட்டுவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸில் ஏறி, பாடசாலைக் கதவு திறக்கும்வரை பனியில் நின்றிருக்கிறேன். இதற்குச் சமூகப் பதற்ற நோய் என்று பெயர் இருப்பதை 28ஆவது வயதில்தான் அறிந்தேன். மூன்று மருந்துகள் பலனளிக்காமல், 'சிகிச்சைக்கு இணங்காத நோய்' என்று ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்த பிறகு நான் சென்று சேர்ந்த, நுவரெலியா மாவட்டத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் மனநலக் கிளினிக்கைப் பற்றியதே இந்த மதிப்பீடு. நிறைகளோடு குறைகளையும் சொல்லப் போவதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

அங்கே போவதற்கு முன் நடந்தவற்றைச் சொன்னால்தான் அந்த கிளினிக்கின் அருமை விளங்கும். முதலில் அம்மா என்னைக் கோடாங்கியிடம் அழைத்துச் சென்றார், நூல் கட்டினார்கள், அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து, நகரத்துத் தனியார் வைத்தியர் ஒருவர் புரோப்பிரனலோல் எழுதிக் கொடுத்தார். இதயப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் சில மணி நேரம் தணித்து வைக்கும் இம்மருந்து, மேடையில் ஒருமுறை பேசிவிட்டு இறங்க வேண்டியவருக்கு உதவக்கூடும்; காலையில் பஸ்ஸில் ஏறுவது முதல் மாலையில் கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்பது வரை தொடரும் அச்சத்துக்கு அது விடையல்ல. (பரீட்சைக்குப் பயந்த என் தங்கைக்கும் அதில் ஒன்றைக் கொடுத்துவிடப் பார்த்தேன். அவள் இழுப்புக்காரி, அதாவது ஆஸ்துமா உள்ளவள். இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்தான மருந்து என்பதைப் பார்மசியில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.) பின்னர் கண்டிக்குச் சென்று ஒரு மனநல வைத்தியரைச் சனல் செய்தேன், அதாவது பணம் கட்டித் தனியாரில் சந்தித்தேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் பல மணி நேரம் போய், ஏழு நிமிடம் அவர் முன் அமர்ந்து, செர்ட்ரலின் 50 மில்லிகிராமுக்கான துண்டோடு திரும்பினேன். குமட்டல் தாங்காமல் நான்காம் கிழமையில் நானே நிறுத்திவிட்டேன். மூன்றாவதான எஸ்சிட்டலோபிராம் 2022இல் வந்தது. அந்த ஆண்டு எரிபொருளும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பல பார்மசிகளில் மருந்தும் இல்லை. இருந்த மாத்திரைகளைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கினேன், பிறகு அதுவும் தீர்ந்தது.

இந்த மூன்றையும் எண்ணித்தான் 'இணங்காத நோய்' என்று எழுதப்பட்டது.

கிளினிக்கில் முதல் நாள் ஆலோசக வைத்தியர் செய்த காரியம் மிக எளிமையானது. ஒரு தாளில் மூன்று நிரல்கள் கீறி, மருந்தின் பெயர், அளவு, எத்தனை கிழமை என்று என்னையே நிரப்பச் சொன்னார். நிரப்பி முடித்ததும் எனக்கே புரிந்துவிட்டது: ஒரு மருந்தையேனும் போதிய அளவில், போதிய காலத்துக்கு நான் உட்கொண்டிருக்கவில்லை. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் இந்நோயில் வேலை செய்கின்றனவா என்று தீர்மானிக்க ஏறத்தாழ 12 கிழமைகள் தேவைப்படலாம் என்றும், 50 மில்லிகிராமில் பலன் தெரியாத பலருக்கு 100இல் அல்லது 150இல் தெரிகிறது என்றும், அதன் உச்ச அளவு 200 என்றும் விளக்கினார். "சிகிச்சைக்கு இணங்கவில்லை என்று சொல்வதற்கு முதலில் சிகிச்சை நடந்திருக்க வேண்டுமே, டீச்சர்" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை, அருகிலிருந்த தாதி சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

அந்தத் தாதியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் பழைய கிளினிக் கொப்பியை (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டை) புரட்டிய அவர், முதல் பக்கத்தில் என் நோயைக் குறித்து 'கூச்ச சுபாவம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று மட்டுமே எழுதப்பட்டிருந்ததைக் காட்டினார். எப்படி அது நேர்ந்தது என்பதைச் சேர்ந்து யோசித்தோம். அந்தப் பக்கம் எழுதப்பட்ட அன்றைக்கு நான் "கூச்சமா இருக்கு" என்று சொன்னேன்; மொழிபெயர்க்க வந்த சிற்றூழியர் அதை 'லஜ்ஜாவ' என்றார். சிங்களத்தில் அது வெட்கம். வெட்கப்படும் மலையகத்துப் பெண்ணுக்கு யார்தான் கவலைப்படுவார்கள்? நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் பயம், சிங்களத்தில் 'பய'. இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே சொல்லாக இருந்தும் அது என் வாயில் வரவில்லை, ஏனென்றால் நம் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) பயம் என்றால் பேய், சிறுத்தை, துரை. மனிதர் முன்னால் வருவதைக் கூச்சம் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். எனவே தமிழ் தெரிந்த ஒரு தாதி அந்த அறையில் இருப்பதை ஒரு கூடுதல் வசதியாக நான் கருதவில்லை; எனக்கு நடந்த சிகிச்சையில் பாதி அவர்தான்.

மருந்தைத் தொடங்குமுன் இரத்தம் எடுத்துத் தைரோய்டு பார்த்தார்கள், ஏனெனில் அந்தச் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் நடுக்கமும் படபடப்பும் வரும். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்றும் கேட்டார்கள். எட்டு என்றேன். தேயிலைக்குள் பிறந்தவளிடம் தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்வது அநியாயம்தான். ஆனாலும் அதிலுள்ள கெஃபீன் படபடப்பைக் கூட்டும் என்பதால் மூன்றாகக் குறைத்தேன்.

அடுத்ததாக லீபோவிட்ஸ் அளவுகோல் என்ற படிவம். 1987இல் வெளியான இது, 24 சந்தர்ப்பங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் அச்சம் எவ்வளவு, தவிர்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை புள்ளியிடச் சொல்கிறது, மொத்தம் 144. மற்றவர் பார்க்க எழுதுவதும், பிறரோடு அமர்ந்து குடிப்பதும் அதில் இருப்பதைக் கண்டபோது, என் அந்தரங்கத்தை அமெரிக்காவில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்களே என்று திடுக்கிட்டேன். வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பதும் ஒரு கேள்வி. கொப்பிக் கணக்கில் கடனுக்கு வாங்கும் எங்களுக்கு அந்த எண்ணமே வந்ததில்லை. எனக்குக் கிடைத்தது 97.

செர்ட்ரலினையே மீண்டும் தொடங்கினோம், இம்முறை 25 மில்லிகிராமில், சாப்பாட்டுக்குப் பின். குமட்டல் வந்தது; இரண்டாம் கிழமைக்குப் பிறகு போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததால் பொறுத்துக்கொண்டேன், போய்விட்டது. முன்பு நான்கு கிழமையில் நான் கைவிட்ட மருந்து இதுதான் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்தைக் கண்டியிலேயே யாரேனும் சொல்லியிருக்கலாம். படிப்படியாக 150க்கு உயர்த்தி, அந்த அளவில் நிலைத்துப் பன்னிரண்டு கிழமை முடிந்தபோது புள்ளி 74. குறைந்திருந்தது, ஆனால் போதவில்லை. இப்போதுதான் உண்மையிலேயே 'போதிய பலன் இல்லை' என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகுள்ள வழிகளை வைத்தியர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னதையே இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன். 2014இல் அமெரிக்க ஆய்வு ஒன்று, செர்ட்ரலினில் போதிய பலன் காணாதவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அதனுடன் குளோனசெபாம் சேர்த்தும், இன்னொரு பிரிவினரை வென்லாபெக்சினுக்கு மாற்றியும், மூன்றாம் பிரிவினருக்கு வெற்று மாத்திரை சேர்த்தும் பார்த்ததாகவும், நோயின் கடுமை குறைந்ததில் குளோனசெபாம் சேர்த்தவர்களே சற்று முன்னால் நின்றதாகவும் சொன்னார். அப்படியானால் அதையே தாருங்கள் என்றேன். பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய மருந்து அது, உங்கள் வீட்டில் குடியால் அழிந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள், மண் சரிந்து பாதை அடைபட்டால் மாத்திரை திடீரென நின்றுபோகும், ஆகவே உங்களுக்கு அது என் முதல் தெரிவல்ல என்றார். ஆய்வில் வென்றது எனக்கு ஏன் பொருந்தாது என்பதை என் வீட்டையும் என் பாதையையும் வைத்து விளக்கிய முதல் வைத்தியர் அவர்.

பிரிகபலின் பற்றியும் பேசினோம். உயர்ந்த அளவில் இந்நோய்க்குப் பயன்படுவதாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் இலங்கையில் அந்தக் குளிசையைப் போதைக்காக விற்பதும் பொலிஸார் கைப்பற்றுவதும் அடிக்கடி செய்தியாகின்றன. துண்டை நீட்டினால் பார்மசியில் இருப்பவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். யாரும் தன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று மருந்து தேடுகிறவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பினெல்சின் என்ற பழைய மருந்து, மற்றவை தோற்ற இடத்திலும் சிலருக்குக் கை கொடுப்பதாக அறிந்தேன். ஆனால் அதை உட்கொள்வோர் டைரமின் என்ற பொருள் மிகுந்த உணவைத் தொட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். பட்டியலை வாசித்தார்கள்: பழைய சீஸ், ஜாடி என்னும் ஊறவைத்த மீன், கருவாடு, மார்மைட். சீஸை நான் கண்ணால் கண்டதே குறைவு. கருவாடும் மார்மைட்டும் இல்லாத சமையலறை எங்கள் தோட்டத்தில் எங்கே இருக்கிறது? எங்கள் கிளினிக்கில் அம்மருந்து இல்லை என்பதால் பேச்சு அத்தோடு நின்றது.

வென்லாபெக்சினுக்கு மாறினேன், 75இல் தொடங்கி இப்போது 150 மில்லிகிராம். இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அதை அளக்கிறார்கள். இரவில் வியர்வை அதிகம். ஒருநாள் தவறினாலும் தலைக்குள் மின்னல் வெட்டுவதுபோல் இருக்கும். ஆகையால் பத்து நாளுக்கான குளிசைகளை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன். அதோடு, மாதம் இருமுறை அந்தத் தாதி தரும் பயிற்சியும் உண்டு. பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டல், இந்நோய்க்கு மருந்தைவிட இத்தகைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே முதலில் வைக்கிறது. அது எனக்குக் கடைசியாகக் கிடைத்தது. நடுக்கத்தை மறைக்க நான் பேனையை இறுக்கிப் பிடிப்பேன் என்பதையும், இறுக்குவதே நடுக்கத்தைக் கூட்டுகிறது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். பதிவேட்டைச் சுற்றி ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போய், பேனையைத் தளர்வாகப் பிடித்து, எழுத்து கோணினால் கோணட்டும் என்று விட வேண்டும் என்பது முதல் வீட்டுப்பாடம். கம்பி முறிந்த புதுக் குடையைக் கடையில் திருப்பிக் கொடுப்பது ஆறாவது. கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் வேறொன்றை எடுத்து நீட்டினார். கடைசியாகப் படிவம் நிரப்பியபோது புள்ளி 49. நான் குணமடைந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். பெற்றோர் கூட்டத்தில் பேசுவதற்கு முதல் நாள் இரவு இன்னும் தூக்கம் வருவதில்லை, ஆனால் பேசுகிறேன்.

இனிக் குறைகள். மனிதர் பார்வைக்கு அஞ்சுவோர் வரும் இடத்தில், நெருக்கமான நடைபாதையில் முழுப் பெயரையும் உரத்த குரலில் கூப்பிடுகிறார்கள். இலக்கத்தைக் கூப்பிட்டாலே போதும். இதை எழுத்தில் கேட்டேன், மாறவில்லை. வெளிநோயாளர் வரிசைக்கு எதிரே கதவு இருப்பதால், உள்ளே போவோரைத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் காண்கிறார்கள். மறுநாள் யாராவது 'அங்கொடை' (மனநல வைத்தியசாலை உள்ள ஊர்) என்று சிரிப்பதற்கு அதுவே போதும். மாத்திரை உறைமீது தமிழில் ஒரு சொல்லும் இல்லை. வென்லாபெக்சின் சில மாதங்களில் தீர்ந்து, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருகிறார்கள். அப்போது நான் அரச மருந்துக்கடையான ஒசுசலவிலேயே முதலில் விசாரிக்கிறேன். பயிற்சி வைத்தியர்கள் மாறும்போதெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் ஒரு சதமும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்டியில் சனல் செய்ய வசதியுள்ளவர்களுக்கும் நான் இந்த அரசாங்க கிளினிக்கையே முதலில் பரிந்துரைப்பேன், தமிழ் அறிந்த தாதி இருக்கும் நாளைக் கேட்டறிந்து போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. போகும்போது, இதுவரை விழுங்கிய ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, கிழமைகளின் எண்ணிக்கை, நிறுத்திய காரணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூச்சம் என்று சொல்லாமல் பயம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கிளினிக் நாள்வரை பொறுக்க முடியாத நிலை வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். இலக்கத் துண்டு கொடுப்பது காலை ஏழரைக்கு முடிந்துவிடும், எனவே முதல் பஸ்ஸிலேயே ஏறுங்கள்.